பட்டியலில் உள்ள அனைவரின் சம்மதத்தோடு

மாரெட்பள்ளி,
ஞாயிறு காலை

சிரஞ்சீவி வர்ஷினிக்கு,

சக்ரபாணி மாமாவின் ஆசீர்வாதம். நானும் உன் அத்தை சகுந்தலாவும் நலம். என் கைப்பேசி மட்டும் சில நாட்களாகச் சுடுகிறது. நீ போனை எடுக்காததால் இதைக் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். உனக்கு வேலை அதிகம் என்பதால், சொல்ல வருவதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. உன் எழுத்தின் சிறப்பு.
2. பதினேழாவது பத்தியை நான் நிறைவேற்றிய விதம்.
3. அதனால் விளைந்த சில சங்கடங்கள் (உன்மேல் குற்றமில்லை).
4. நம் வீட்டில் படித்துப் பார்க்காமல் யாரும் சம்மதம் தருவதில்லை என்பது.
5. ஒரு சந்தேகம். அவசரம்.

முதலாவது. பேகம்பேட்டில் உன் நிறுவனம் தயாரித்த வாசல் செயலியை எங்கள் அடுக்ககத்தில் இந்த மாதம் முதல் கட்டாயமாக்கிவிட்டார்கள். விருந்தாளி வந்தால் காவலாளி கிருஷ்ணா அதில் தகவல் அனுப்புவார். நாங்கள் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் கேட் திறக்கும். செயலிக்குள் நுழையுமுன் ‘சம்மதிக்கிறேன்’ என்று ஒரு பொத்தான், அதற்கு மேலே நீ எழுதிய நிபந்தனைகள். முழுவதும் படித்தேன். தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவனுக்கு வேறு வழி தெரியாது. என்ன எழுத்து, வர்ஷினி! இத்தனை கோடிப் பேர் விவரம் யாரிடம் போகிறது, எதற்குப் போகிறது என்று சட்டம் கேட்கிறது. தொழிலும் நடக்க வேண்டும், மனிதனும் ஏமாறக் கூடாது. இந்தச் சிக்கலை இவ்வளவு பொறுமையாக எழுத என்னால் முடியாது. கொடுத்த சம்மதத்தைக் கொடுத்த அதே சுலபத்தில் திரும்பப் பெறலாம் என்ற இடத்தை உன் அத்தைக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். “என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ இதை யாரும் சொல்லலையே” என்றாள்.

இரண்டாவது. பதினேழாவது பத்தியில், ‘உங்கள் தொடர்புப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரின் சம்மதத்தையும் பெற்றுவிட்டதாக உறுதி கூறுகிறீர்கள்’ என்று எழுதியிருக்கிறாய். நியாயம்தானே? அவர்கள் எண் அவர்களுடையது. தூக்கிக் கொடுக்க நான் யார்? பெறாததைப் பெற்றதாக எப்படி உறுதி கூறுவது? ஆகவே அகர வரிசைப்படி கூப்பிடத் தொடங்கினேன். முதலில் வரவேண்டிய என் தம்பி அருணாசலத்தை மட்டும், தைரியம் போதாமல், கடைசிக்கு ஒதுக்கினேன்.

மூன்றாவது. பிளம்பர் இர்பான், “கைக்கு சாப், எதுக்கு? உங்க வீட்டுக் குழாயைத்தானே மாத்தினேன்! போலீஸ் கீலீஸ் நக்கோ சாப், வேணாம்” என்று பதறிப்போய், மறுநாள் தானாகவே வந்து எல்லாக் குழாய்களையும் முடுக்கிவிட்டுப் போனார். என்னோடு வேலை பார்த்த சந்தானம் எழுத்தில் கேட்டால்தான் தருவேன் என்றார். அவரும் பரிசோதனைப் பிரிவுதான். காலமாகிவிட்ட நண்பர் கிருஷ்ணமூர்த்தியின் எண்ணை அழிக்க மனம் வராமல் வைத்திருந்தேன். முறை என்றால் முறைதானே என்று அதையும் அழுத்தினேன். இப்போது அது வரங்கல்லில் ஒரு கல்லூரி மாணவியிடம் இருக்கிறது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டு, “ஹவ் அங்கிள், ஓகே” என்று ஆமாம் போட்டவள், மாத்திரை சாப்பிட்டேனா என்று தெலுங்கில் விசாரித்தாள். அதற்குள் எங்கள் அடுக்ககச் சங்கச் செயலாளர் பிரசன்னா, ‘சக்ரபாணி சார் போன் ஹேக் ஆகிவிட்டது, சம்மதம் கேட்டால் யாரும் கொடுக்காதீர்கள்’ என்று வாட்ஸப்பில் போட்டுவிட்டார். அது உன்வரை வந்ததால்தான் நீயும் எடுக்கவில்லை என நினைக்கிறேன். எச்சரிக்கையாக இருப்பது நல்லது, பாராட்டுகிறேன்.

கடைசியில் மல்லாபூரில் இருக்கும் அருணாசலத்தைக் கூப்பிட்டேன். அவன் பெண் மஹதியின் கல்யாணப் பத்திரிகையில் அழைப்பவர்களில் ஒருவனாக என் பெயரை என்னைக் கேட்காமல் போட்டான். “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்றேன். அதோடு இரண்டு வருடமாகப் பேச்சு நின்றுபோயிற்று, உனக்கே தெரியும்.

“என்ன அண்ணா, திடீர்னு?”

சொன்னேன்.

“என் நம்பரைக் குடுக்க என்னைக் கேக்கறியா?”

“கேக்கறதுதான் முறை, அருணா.”

“நீ மாறவே மாட்டே! போன்ல தரமாட்டேன். ஞாயித்துக்கிழமை நேர்ல வரேன். மன்னியை அடை பண்ணச் சொல்லு.”

அவன் உள்ளே வர நான் செயலியில் அழுத்த வேண்டும். செயலிக்குள் போக அவன் சம்மதம் வேண்டும். சம்மதம் தர அவன் உள்ளே வர வேண்டும். கேட்டிலேயே கேட்டு வாங்கலாமே என்பாய். இத்தனை நாள் கழித்து வருகிறவனைத் தெருவில் நிறுத்திச் சம்மதம் கேட்டால் வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிடுவான். பிறகு இந்தப் பிறவியில் வரமாட்டான்.

நான்காவது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நீ எழுதுவதை யார் படிக்கிறார்கள் என்று சோர்ந்துவிடாதே. நம் வீட்டில் ஒரு வரி விடாமல் படிக்காமல் எவரும் பொத்தானைத் தொடுவதில்லை.

ஐந்தாவது. ஒருவர் சம்மதம் பாக்கி இருக்கையில் அழுத்தலாமா? உடன்பிறந்தவர்களுக்கு ஏதாவது சலுகை உண்டா? என் புரிதலே தவறாகவும் இருக்கலாம். அடைக்கு மாவு தயார். அவன் வருவதற்குள் பதில் போடு. உன் எண்ணும் என் பட்டியலில் இருப்பதால் உன் சம்மதத்தையும் சேர்த்து எழுது.

உன் உடம்பும் உத்தியோகமும் செழிக்கட்டும். உன் நிபந்தனைகளைப் படிப்பவர்கள் பெருகட்டும்.

அன்புடன்,
சக்ரபாணி

பி.கு.: படம் எடுக்கக் கைப்பேசியைத் தேடிக் கூடத்துக்குப் போனால், நாற்காலியில் அருணாசலம். கேட்டிலிருந்து கிருஷ்ணா அனுப்பிய மணி அடித்திருக்கிறது. உன் அத்தை எடுத்து, ‘சம்மதிக்கிறேன்’ என்பதை அழுத்தி, பச்சையையும் அழுத்திவிட்டாள். “படிக்க வேண்டாமா?” என்றேன். “நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள அவர் கேட்லயே கிழவராயிடுவார்” என்றாள். அருணாசலம் அடையைப் பிய்த்துக்கொண்டே, “உன் போன்லயே உன்னைக் கேக்காம அழுத்திட்டாளே, மன்னிகிட்டயும் ரெண்டு வருஷம் பேசாம இருக்கப் போறியா?” என்கிறான். அவன் இன்னும் சம்மதம் தரவில்லை. மூன்றாவது அடை மட்டும் கேட்டிருக்கிறான். ஆகவே உன் பதிலுக்கு அவசரமில்லை. நான்காவது குறிப்பு தவறு.