கால் மணி கழித்தல்

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை எழுதுவது. நானும் பாப்பாவும் சாப்பிட்டு, தூங்கி, எழுந்து நடமாடுகிறோம். உங்கள் முழங்கால் வலியும் அண்ணியின் கோபமும் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

விஷயம் சுவர்க் கடிகாரம் பற்றியது. நான் எங்கே கிளம்பினாலும் தாமதம் என்று உங்கள் மாப்பிள்ளை அதைக் கால் மணி முன்னால் தள்ளி வைத்தது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், அதனால் கால் மணியைக் கழித்துக்கொண்டு அதே தாமதத்தோடுதான் கிளம்பினேன். பஸ் ஓட்டி ஊரையே நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர் என்னிடம் தோற்றார். அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, கடிகாரம் இன்னும் முன்னால்தான் ஓடுகிறது. அவர் திருப்பி வைத்த முள், நான் தொடவில்லை.

இப்போது பாப்பா வகுப்பில் மணி பார்க்கச் சொல்லித்தருகிறார்கள். வீட்டிலும் விளையாட்டாகச் செய்யுங்கள் என்றார் டீச்சர். தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு எண்களை எழுதினோம். பாப்பா பெரிய முள், நான் சின்ன முள். அவள் ஐந்து, பத்து, பதினைந்து என்று கத்திக்கொண்டு ஒரு சுற்று குதித்து வந்தால் நான் ஓர் எண் நகர வேண்டும். "நிக்காதம்மா, நான் குதிக்கும்போதே நீயும் கொஞ்சம் கொஞ்சமா நகரணும்" என்று அதட்டுகிறாள். கீழ் வீட்டுத் தையல்காரர் வந்து, "மேல என்னம்மா சத்தம்?" என்றார். "பெரிய முள் குதிக்குதுங்க" என்றேன். தரையிலிருந்த வட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். எனக்கு ஒன்றுதான் ஆச்சரியம் அண்ணா. அதே மூன்று, சின்ன முள் வந்தால் மூன்று, பெரிய முள் வந்தால் பதினைந்து. இத்தனை வருஷம் பார்த்தும் ஏன் என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

பிறகு படத்தைப் பார்த்து மணி எழுதும் பரீட்சை வந்தது, எல்லாம் தப்பு. டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "எல்லாத் தப்பும் ஒரே மாதிரி இருக்கும்மா. ஒவ்வொண்ணுலயும் கால் மணி குறையுது" என்றார். பாப்பாவைக் கேட்டால், "கடிகாரத்தப் பாத்துட்டுக் கால் மணி கழிக்கணும்ல, டீச்சர்? எங்கம்மா அப்படித்தான் பாக்கும்" என்கிறாள். டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். "வீட்டுக் கடிகாரத்தைச் சரி பண்ணிடுங்க, பிள்ளை குழம்புது. அடுத்த வாரம் மறுபடி எழுதட்டும்" என்றார்.

சரி பண்ணத்தான் வேண்டும். பிள்ளை படிப்பைவிட முள் பெரிதில்லை. ஸ்டூல் போட்டு ஏறினேன், இறங்கிவிட்டேன். மறுபடி ஏறி, கண்ணாடியைத் துடைத்துவிட்டு இறங்கினேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை நீங்களே வந்து திருப்பி வைத்துவிடுங்கள். அந்த நேரம் நான் கடைக்குப் போய்விடுகிறேன்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

தங்கை

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் இதைப் பாப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "இதுக்கு மாமா எதுக்கு? ஸ்கூல் கடிகாரத்துல கழிக்கக் கூடாது, அப்பா கடிகாரத்துல கழிக்கணும், அவ்வளவுதானே" என்று அந்தப் பரீட்சைத் தாளை எடுத்து எல்லாவற்றையும் சரியாக எழுதிவிட்டாள். ஆகையால் கடிகாரத்தைத் தொட வேண்டாம், சும்மா சாப்பிட வாருங்கள். ஒரு மணிக்கு வந்தால் போதும். இங்கே ஒன்றேகால் ஆகியிருக்கும்.