சுருளிவேல் லீவில் போனார்

தவிர்க்க முடியாதவர் என்றொரு இனம் நம்மிடையே உலவுகிறது. காட்டுக்குப் போய்த் தேட வேண்டாம். ஆபீசில் உண்டு, கோயில் கமிட்டியில் உண்டு, கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியை இன்னொருவர் கையில் கொடுக்க மனமில்லாமல் வியர்த்து வழிந்துகொண்டு நிற்பவராகவும் உண்டு. அடையாளம் சுலபம். 'சௌக்கியமா?' என்று கேட்டால் உடம்பைப் பற்றிச் சொல்ல மாட்டார். 'எங்கே, நான் ஒரு நாள் நகர்ந்தால் அங்கே எல்லாம் கவிழ்ந்துவிடும்' என்பார். இவர் பிறப்பதற்கு முன்னால் உலகம் எப்படி நடந்தது? கேட்டுவிடாதீர்கள், வருத்தப்படுவார்.

இந்த இனத்தின் முதல்தரமான உருப்படி ஒன்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில், காக்கிக் கால்சட்டையும் பையில் டெஸ்டருமாகத் திண்டுக்கல்லில் நடமாடிக்கொண்டிருந்தது. பெயர் சுருளிவேல். ராயப்பராஜ் முதலாளியின் மூன்று மாடி வியாபாரக் கட்டடத்துக்கு எலெக்ட்ரீஷியன். கீழே ஜவுளி, பாத்திரம், பூட்டு, புகையிலை மண்டி என்று முப்பது கடைகள், நடு மாடியில் ஒரு பாங்கும் இரண்டு வக்கீல்களும், உச்சியில் லாட்ஜ். இத்தனை பேருக்கும் விளக்கு எரிவதும், விசிறி சுற்றுவதும், மோட்டார் ஓடி மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுவதும் சுருளிவேலின் கருணையால் என்பது சுருளிவேலின் கருத்து.

சுவிட்ச் ரூமில் ஐம்பது சுவிட்சுகள். எதற்கு எது என்று ஓர் எழுத்துக்கூட எழுதி ஒட்டவில்லை. ஜவுளிக்கடை மாடிப்படி விளக்குக்கு சுவிட்ச் புகையிலை மண்டியில் இருந்தது. வக்கீலின் விசிறி நின்றால் பாத்திரக்கடையில் போய்ப் பார்க்க வேண்டும். ஒருமுறை முதலாளி, "ஏப்பா, எல்லாத்துக்கும் பேர் எழுதி ஒட்டிரலாம்ல?" என்று கேட்டார்.

"ஒட்டலாம் மொதலாளி. ஒட்டுனா கண்டவனும் கைய வைப்பான். அப்புறம் பொணம் விழுந்தா என்னயச் சொல்லக் கூடாது."

பிணம் என்றதும் முதலாளி சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டார். பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

ஊர் முழுக்கக் கரண்ட் போகிறதே, அதற்கு சுருளிவேல் என்ன செய்ய முடியும்? ஒன்றும் முடியாது. ஆனாலும் செய்வார். கடைகளின் முன்னால் விறுவிறுவென்று நடந்து, சுவிட்ச் ரூமுக்குள் புகுந்து, கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து பீடி பிடிப்பார். கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது நெற்றியைத் துடைத்தபடி வெளியே வருவார். 'சுருளி வந்தாத்தான்யா வெளிச்சம்' என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அவர் மறுத்ததே கிடையாது.

பீஸ் போய்விட்டாலோ கேட்கவே வேண்டாம், அன்றைக்குத் திருவிழா. கதவை அகலத் திறந்து வைத்து, நாலு பேர் கூடும் வரை காத்திருந்து, பூசாரி மந்திரம் சொல்வதுபோல் ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லிக்கொண்டே செய்வார். "மெயினை அணை! கட்டையை உருவு! கருகுன கம்பியைக் கழட்டு! புதுக் கம்பியை மாட்டு! கட்டையைச் சொருகு! மெயினைப் போடு!" வெளியே வராந்தா கூட்டுகிற மூக்காயி விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள். ஆறு வருஷமாகப் பார்த்தாள். வேலை முடிந்ததும் சுருளிவேல் பெரிய பூட்டாகப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வார். குளிக்கும்போதும் அது கூடவே குளிக்கும்.

ஆறு வருஷத்தில் ஒரு நாள் லீவு இல்லை. அந்தப் பெருமையில் மண் விழுந்தது அவருடைய தங்கை பொன்னழகுவின் மகளால். குஜிலியம்பாறையில் அந்தப் பெண் பெரியவளாகி, சடங்குக்கு நாள் குறித்துவிட்டார்கள். தாய்மாமன் சீர் இல்லாமல் சடங்கா? போகாவிட்டால் தங்கை ஜென்மத்துக்கும் பேச மாட்டாள். மூன்று நாள் லீவு கேட்டார். முதலாளி சொல்ல வேண்டியது என்ன? 'ஐயையோ, நீ போனால் நான் என்ன செய்வேன்?' என்பதுதானே?

"போய்ட்டு வா, அப்பு" என்றார் முதலாளி, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சுருளிவேலுக்குச் சோறு இறங்கவில்லை. தான் இல்லாமல் கட்டடம் இருண்டுவிடுமோ என்ற கவலையா? அதுதான் இல்லை. இருளாமல் போய்விடுமோ என்ற கவலை. மூன்று நாளும் விளக்கு எரிந்து, விசிறி சுற்றி, தண்ணீர் ஏறிவிட்டால் ஆறு வருஷ மரியாதை என்ன ஆவது?

கிளம்புகிற அன்று சாயங்காலம் சுவிட்ச் ரூமைத் தாழிட்டுக்கொண்டு, மோட்டார் பீஸில் இருந்த தடித்த கம்பியைக் கழற்றிவிட்டு இழை போன்ற ஒரு கம்பியை மாட்டினார். கணக்கு இதுதான். காலை ஆறு மணிக்குக் காவல்காரர் வெளியே வராந்தாவில் இருக்கும் சுவிட்சைத் தட்டி மோட்டார் போடுவார்; போட்டதும் பீஸ் போகும். தண்ணீர் ஏறாது. ஏழு மணிக்கு லாட்ஜ்காரர்கள் உடம்பெல்லாம் சோப்போடு வராந்தாவில் நிற்பார்கள். எட்டு மணிக்கு முதலாளி தலையில் கைவைப்பார். எட்டரைக்குக் கார் கிளம்பும். பத்து மணிக்கு, சரியாகச் சீர் வைக்கிற நேரத்தில், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் பந்தல் வாசலில் வந்து நிற்கும். பூட்டைத் தடவிப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் பஸ் ஏறினார்.

மறுநாள் காலை, குஜிலியம்பாறையில் தங்கை புருஷன் மொக்கைச்சாமி இலை போட்டுவிட்டுக் கூப்பிட்டார்.

"மச்சான், உக்காருங்க. வெஞ்சனம் ஆறுது."

"இருக்கட்டும் மாப்ள. எந்நேரமும் மொதலாளி காரு வரும். எச்சிக்கையோட ஏற முடியுமா?"

"ஏன் மச்சான், அங்க என்ன?"

"என்னவா? நான் இங்கல்ல இருக்கேன்!"

ரோட்டைப் பார்த்தபடியே சீர்த்தட்டை இறக்கினார். ரோட்டைப் பார்த்தபடியே மாலையை எடுத்தார். அது மருமகளின் பக்கத்தில் நின்ற தோழிப்பெண்ணின் கழுத்துக்குப் போய்விட்டது. "அண்ணே, பிள்ள இந்தப் பக்கம்ணே!" என்று பொன்னழகு கையைப் பிடித்துத் திருப்பினாள். அந்த நேரம் பார்த்துத் தெருவில் கார்ச் சத்தம். சுருளிவேல் மாலையோடு வாசலுக்கு ஓடினார். டூரிங் டாக்கீஸ் நோட்டீஸ் வண்டி. அவர் தலைமேல் ரோஸ் காகிதங்களை வீசிவிட்டுப் போயிற்று.

பத்து மணி பன்னிரண்டாயிற்று. முதல் நாள் இரண்டாம் நாளாயிற்று. "காரு என்ன மச்சான், பஞ்சரா?" என்று மொக்கைச்சாமி கேட்க, பந்தலே சிரித்தது. உண்மையைச் சொன்னால், சுருளிவேலுக்கு அழுகை வந்தது. மூன்றாம் நாள் காலையில் பலகாரப் பொட்டலத்தோடு பஸ் ஏறியவர், முதலாளிக்கு உடம்பு சரியில்லையோ, கார் ரிப்பேரோ என்று வழியெல்லாம் சமாதானம் தேடினார். கட்டடமே எரிந்து போயிருக்கலாம் என்று தோன்றியபோதுதான் மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

கட்டடம் எரியவில்லை. விளக்குகள்தான் எரிந்தன. விசிறிகள் சுற்றின. மேல் தொட்டி நிறைந்து தண்ணீர் கைப்பிடிச் சுவரில் வழிந்துகொண்டிருந்தது. முதலாளி வாசலில் நின்றார். சுருளிவேலின் பட்டுக்கரை வேட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னப்பா, இன்னைக்குத்தான் கெளம்புறியா?"

சுருளிவேல் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நேரே போய்ப் பூட்டைத் திறந்தார். பூட்டு பத்திரமாக இருந்தது. உள்ளே மோட்டார் பீஸில் தடித்த கம்பி, சுத்தமாக முறுக்கி, திருகி, அவர் செய்ததைவிட ஒரு படி நேர்த்தியாக இருந்தது.

"அதுவாண்ணே?" மூக்காயி வாசலில் நின்றாள். "மொத நாள் காலைல மோட்டாரு செத்த நேரம் நின்னு போச்சு. நாந்தான் மாட்டிவிட்டேன்."

"நீயா? சாவி?"

"மொதலாளி மேசைக்குப் பின்னால ஆணில தொங்குதுல்ல, கூட்டப் போறப்ப எடுத்துக்கிட்டேன். ஒரு பூட்டுக்கு ரெண்டு சாவிதானண்ணே?"

திண்டுக்கல்லில் பிறந்து, பூட்டுப் பட்டறைத் தெருவில் வளர்ந்து, பூட்டுக்கடை இருக்கும் கட்டடத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்த மனிதருக்கு இது மட்டும் தோன்றியதே இல்லை.

"பீஸ் மாட்ட யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான். மெயினை அணை, கட்டையை உருவு... ஊருக்கே கேக்குற மாதிரி கத்துவீங்களே. நீங்க டீ குடிக்கப் போன நேரமெல்லாம் எத்தனையோ தடவ மாட்டியிருக்கேன்." குரலைத் தாழ்த்தினாள். "ஆனாக்க இந்தத் தடவ கெடந்த கம்பி தலமயிரு மாதிரில்ல இருந்துச்சு. நீங்க அப்படிப் போட மாட்டீங்களே."

சுருளிவேல் முதலாளி நின்ற பக்கம் எட்டிப் பார்த்தார். ஒரு வார்த்தை முதலாளி காதில் விழுந்தால் வேலை போய்விடும்.

"மூக்காயி... யாருட்டயும் சொன்னியா?"

"நான் ஏண்ணே சொல்றேன்? சொன்னா, எனக்கு மாட்டத் தெரியும்னு தெனமும் என்னயல்ல கூப்புடுவாக? எனக்குக் கூட்டுற வேலயே தலைக்கு மேல கெடக்கு."

முதலாளிக்கென்று கொண்டுவந்த அதிரசப் பொட்டலம் மூக்காயியின் முந்தானைக்குப் போயிற்று. அடுத்த வாரம் ஜவுளிக்கடை பீஸ் போனபோது சுருளிவேல் வழக்கம்போல் எல்லாம் செய்தார். ஆனால் உதடு மட்டும்தான் அசைந்தது, சத்தம் வரவில்லை.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன தடவை ஊருக்குக் கிளம்பும்போது ஆபீஸ் பீரோ சாவியை 'மறந்தாற்போல' மடியில் கட்டிக்கொண்டு போனது யார்? திரும்பி வந்து, எல்லாரும் சௌக்கியமாக இருக்கிறார்கள் என்று கேட்டதும் முகம் வாடியது யாருக்கு? போகட்டும், நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பீரோவின் இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் விசாரிக்கப் போகாதீர்கள். பாவம், அவருக்கு வேலை இருக்கும்.