நடுவில் உப்பிய ஃபிலிம்

உலகமே மூக்கில் விரல் வைக்கும்படி தெளிவான படம் ஒன்றை எடுத்தே தீருவது என்று சபதம் செய்தேன். காரணம் லட்சியம் அல்ல, மனைவி.

"இந்த வருஷமும் சங்கத்துச் சுவத்துல உங்க படம் ஏறலேன்னா, கேமரா பரண்ல ஏறும்" என்று சொல்லிவிட்டாள். எங்கள் புகைப்படச் சங்கத்தின் கண்காட்சியில் இதுவரை என் பங்கு, நாற்காலி எடுத்துப் போட்டது மட்டும்தான்.

"தப்பு என் மேல இல்லம்மா. ஃபிலிம் கேமராவுக்குள்ள தட்டையா படுக்க மாட்டேங்குது. நடுவுல உப்பிக்குது. உப்பினா படம் மங்கிடும்."

"உங்க வயிறு மாதிரியா?"

"பேச்சை மாத்தாதே. தெளிவா வரணும்னா தட்டையா கிடக்கணும். அவ்வளவுதான் விஷயம்."

கேமராவின் முதுகைத் திறந்தேன். ஃபிலிமை அழுத்திப் பிடிக்கும் தகடு தொளதொளத்தது. ஸ்பிரிங்கை நிமிர்த்தினேன். போதாதென்று அவளுடைய கொண்டை ஊசி ஒன்றை வளைத்துத் தகட்டுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்தேன். புது ஃபிலிம் போட்டு, ஜன்னலோரப் பூந்தொட்டியை எடுத்தேன். எடுத்த கையோடு அடுத்த படத்துக்கும் ஃபிலிமைச் சுற்றி வைத்தேன். எப்போதும் தயாராக இருப்பவன் நான்.

"இப்பவே ஏன் சுத்தறீங்க? நாள்கணக்கா அப்படியே நின்னா உப்பாம என்ன செய்யும்? எடுக்கப்போறப்ப சுத்துங்களேன்."

"எனக்கே பாடமா?" என்றேன். அவள் கேமராவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஸ்டூடியோவிலிருந்து படங்கள் வந்தன. பூந்தொட்டி மங்கல். எதிர்வீட்டுப் பூனை மங்கல். ஒரே ஒரு படம் மட்டும் கத்தி மாதிரி தெளிவு. சோபாவில் மல்லாந்து தூங்கும் நான். கையில் ஸ்க்ரூடிரைவர். வாய் திறந்திருந்தது, கடைவாய்ப் பல்லின் சொத்தை வரை தெரிந்தது. அவசரமாக இழுப்பறையில் ஒளித்துவைத்தேன்.

மறுவாரம் சங்கச் செயலாளர் போன் செய்தார். "சார், முதல் பரிசு. நடுச் சுவத்துல மாட்டியாச்சு. மேடம்கிட்ட சொல்லிடுங்க."

இழுப்பறையைத் திறந்தேன், என் படத்தைக் காணோம். திரும்பிப் பார்த்தேன். மேடம் தலையில் கொண்டை ஊசி செருகிக்கொண்டிருந்தாள், கொஞ்சம் வளைந்த ஊசி.

"எப்படி இவ்வளவு தெளிவா எடுத்தே?"

"நீங்க சுத்தி வச்சிருந்ததை வீணா ஒரு க்ளிக் பண்ணித் தள்ளிட்டு, புதுசா சுத்தி உடனே எடுத்தேன். அப்புறம், தட்டையா கிடக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? கிடந்தீங்க. தெளிவா வந்துது."

பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. சொன்ன சொல் தவறாமல் என் படம் சுவரில் ஏறிவிட்டது. கேமராவும் பரணில் ஏறவில்லை.

அவள் தோளில் ஏறிக்கொண்டது.