மாத்திரை தின்னும் விளக்கு

"நேத்து நாற்பது. இன்னிக்குத் தொண்ணூறு!" ஆய்வுக்கூட அறிக்கையைக் கணவரிடம் நீட்டினாள் வேதியியல் டீச்சர். "விளக்கு போட்டா மருந்து குறையணுங்க. இது ஏறுது!"

அவர் தாளைத் தலைகீழாகத் திருப்பினார். "இப்படிப் பிடிச்சா ஆறுதான்மா."

"விளையாடாதீங்க!"

குடியிருப்பின் கழிவுநீரில் கலந்துவரும் ஆன்டிபயாடிக் மருந்தைப் புற ஊதா விளக்கால் உடைத்து, தண்ணீரைத் தோட்டத்துக்கு விடுவது அவள் திட்டம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அத்தனை பேருக்கும் விளக்கி, கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய மோட்டார் அறை. வெள்ளிக்கிழமைக்குள் அளவு இறங்காவிட்டால் அந்த அறை குடியிருப்புச் சங்கச் செயலாளரின் ஸ்கூட்டரை நிறுத்தப் போய்விடும்.

உடனே இரண்டாவது விளக்கு மாட்டினாள். நீல வெளிச்சத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா மிரண்டாள்.

"இது ஆளை ஒண்ணும் பண்ணாதே?"

பயம் தெளியட்டும் என்று லிஃப்டுக்குள் பெரிதாக எழுதி ஒட்டினாள் டீச்சர்: 'ஆளை ஒன்றும் செய்யாது. எந்த ஆன்டிபயாடிக் மாத்திரையாக இருந்தாலும் இந்த விளக்கு இருந்த இடம் தெரியாமல் அழித்துவிடும்!'

புதன்கிழமை நூற்றைம்பது.

மூன்றாவது விளக்கைப் போட்டாள். ஃபியூஸ் போயிற்று. இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றது, உள்ளே செயலாளர். இருபது நிமிடம் டார்ச் வெளிச்சத்தில் அந்த அறிவிப்பை மனப்பாடம் செய்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார்.

"அழிக்கும்னு எழுதியிருக்கியேம்மா, நிஜமாவா?"

"சத்தியமா சார்! எவ்வளவு வந்தாலும் அழிக்கும்!" என்றாள் ரோஷத்தோடு.

வியாழக்கிழமை நானூறு.

வெள்ளிக்கிழமை காலை, கழிவுநீர்த் தொட்டிப் படியில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். கணவர் தேநீரைக் கையில் கொடுத்துப் பக்கத்தில் அமர்ந்தார்.

"உன் விளக்கு மருந்தை உடைக்குதா, இல்ல குட்டி போட வைக்குதா?"

அழ நினைத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரே ஒரு தடவை குறைஞ்சா போதுங்க. அப்புறம் ஸ்கூட்டர் என்ன, லாரியையே நிறுத்தட்டும்."

அப்போது வாட்ச்மேன் உப்பிய பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். சர்வசாதாரணமாகத் தொட்டியின் மூடியைத் திறந்தார்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க டீச்சர். தினமும் எல்லா வீட்டுலயும் பழைய மாத்திரை கொடுத்துவிடுறாங்க. இன்னிக்குச் செயலாளர் சார் வீட்டுது மட்டுமே பாதிப் பை!"