கருவாட்டுக் கூடைக்கு அடியில் அக்காவின் நகை

பாதுகாப்பு விஷயத்தில் ஒன்றுமே தெரியாதவனால் ஆபத்தில்லை. பயந்துகொண்டு ஒழுங்காக இருப்பான். கொஞ்சம் தெரிந்தவன்தான் குடியைக் கெடுப்பான். எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அது யுத்த காலம். மதராஸில் ஒரு பாங்கியில் கடைசி நாற்காலிக் குமாஸ்தாவாக இருந்தேன். ஒரே ஒரு தடவை பணப்பெட்டியோடு ரயிலில் போய் வந்திருக்கிறேன். (பெட்டியைக் காத்தவர் போலீஸ்காரர். நான் அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தேன்.) அன்று எங்கள் கேஷியர் எனக்கு மூன்று விதிகளை உபதேசம் செய்தார். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரிடமும் மூச்சு விடாதே. பெட்டியை விட்டுக் கையை எடுக்காதே. ஆபத்து என்றால் விசில் ஊது. விசிலையும் அவரே கொடுத்தார். திருப்பி வாங்க மறந்துவிட்டார். அன்று முதல் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அம்பத்தூர் முழுக்க நிபுணனாக உலவினேன்.

இப்படி ஒரு நிபுணன் வீட்டிலேயே இருக்கும்போது, மரகதம் அக்காவின் கல்யாண நகையைக் கொண்டுவர வேறு ஆளைத் தேடுவார்களா?

நகை வெள்ளானூரில் பெரியப்பா வீட்டில் இருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரே நடுங்கியபோது அப்பா அதை அங்கே அனுப்பிவிட்டார். ஜப்பான்காரனுக்கு அம்பத்தூர் தெரிந்திருந்தாலும் வெள்ளானூர் தெரிந்திருக்காது என்பது அவர் கட்சி. கல்யாணத்துக்கு முதல் நாள்தான் எடுத்து வர வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு வரன்கள் நிச்சயம் வரை வந்து கலைந்திருந்தன. இதுவும் தவறினால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அம்மா தினமும் ஒரு மூச்சு அழுவாள்.

மாப்பிள்ளை வீடு மண்ணூர்பேட்டை. நாங்களும் சைவம், அவர்களும் சைவம். ஆனால் எங்கள் சைவம் இலையோடு முடிந்துவிடும். சம்பந்தி ஏகாம்பரத்தின் சைவம், தெருவில் மீன்காரி குரல் கேட்டால் ஜன்னலைச் சாத்தும் ஜாதி.

ஆவடிப் பக்கம் வழிப்பறி நடக்கிறது என்று பேச்சு இருந்தது. போலீஸ்காரருக்கு எங்கே போவது? யோசித்தேன். (நான் யோசித்ததுதான் தப்பு என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள்.) வெள்ளானூர் எல்லையில் ஒரு கருவாட்டுக்காரி எதிரே வந்தாள். பேரம்கூடப் பேசாமல் அவள் கூடையை அப்படியே வாங்கினேன். பெரியப்பா வீட்டு வாசலில், நகைப்பெட்டியைச் சாக்கில் சுற்றி அடியில் வைத்து, மேலே கருவாட்டை அவளையே பரப்பச் சொன்னேன். நான் தொடவில்லை. சைவமாயிற்றே.

பெரியப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"டேய், மூளை கீளை பிசகிப் போச்சா உனக்கு?"

"திருடன் கருவாட்டைத் தொட மாட்டான் பெரியப்பா."

"ஏன்டா தொட மாட்டான்? அவன் என்ன சைவமா?"

நான் கூடையை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டேன்.

அம்பத்தூரிலிருந்து நான் அமர்த்திக்கொண்டு போயிருந்த வண்டிக்காரன் முனுசாமியும் சொல்லிப் பார்த்தான். "இன்னா சாமி இது? சொம்மா மடில கட்டிகினு வந்தா போவாதா? நாத்தம் கொடலப் புடுங்குது."

"நாற்றம்தான்ப்பா பாதுகாப்பு" என்றேன். அவன் மாட்டைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிட்டான்.

ஆவடி தாண்டும் வரை ஒரு திருடனும் வரவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட. அம்பத்தூரில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. வண்டி நின்றது. காற்று ஊர்ப் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. யுத்தத்தில் அரிசியும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை, நல்ல கருவாடு கண்ணால் பார்த்தே நாளாகியிருந்தது. இதெல்லாம் என் திட்டத்தில் வராமல் போய்விட்டது.

முதலில் ஒரு அம்மாள் வந்தாள். "இன்னா நைனா, வாளையா? அணாவுக்கு எத்தினி குடுக்கற?"

"விற்பனைக்கு இல்லைம்மா."

"விக்காங்காட்டி எதுக்குக் கூடையோட எடுத்துகினு வந்த? மூஞ்சில பூசிக்கவா?"

அதற்குள் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்: "பதுக்கறான்டி! ராவோட ராவா கள்ள மார்க்கெட்டுல வித்துடுவான்! மூஞ்சப் பாத்தாலே தெர்ல?"

"நான் பாங்கியில் வேலை பார்க்கிறேன்" என்றேன். சந்தேகம் உறுதியாகிவிட்டது.

வண்டியிலிருந்து குதித்துக் கூடைக்கு முன்னால் கையை விரித்து நின்றேன். என் கக்கத்துக்கு அடியில் ஒரு கை நுழைந்து ஒரு வாளையை உருவியது. இன்னொரு கை நெத்திலியை அள்ளியது. இன்னும் ஒரு சாண் இறங்கினால் அக்காவின் அட்டிகை. மூன்றாவது விதி நினைவுக்கு வந்தது. விசிலை எடுத்து மூச்சு உள்ளவரை ஊதினேன்.

அந்த நாளில் விசில் சத்தம் கேட்டால் விமானத் தாக்குதல் என்று அர்த்தம். கேட்டவுடன் குப்புறப் படுக்க வேண்டும் என்று ஊர் ஊராக வந்து ஒத்திகை நடத்தியிருந்தார்கள். பெண்கள் அத்தனை பேரும் "ஐயோ குண்டு!" என்று தரையில் விழுந்தார்கள். கேட்டைத் திறந்துவிட்ட கையோடு கேட்காரன் விழுந்தான். முனுசாமி விழுந்தான்.

நானும் விழுந்தேன். ஒத்திகையில் எனக்கு நல்ல பெயர்.

மாடுகளுக்கு மட்டும் யாரும் ஒத்திகை நடத்தவில்லை. நான் தலையைத் தூக்கியபோது கேட் திறந்திருந்தது. வண்டி, கூடை, கருவாடு, அக்காவின் வாழ்க்கை எல்லாம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்துகொண்டிருந்தன.

"முனுசாமி! எங்கேய்யா போகுது உன் மாடு?"

அவன் வாயில் போன மண்ணைத் துப்பினான். "வேற எங்க போவும்? அது ஊட்டுக்குத்தான். போன மாசம்தான் வாங்குனேன். இன்னும் பழைய ஊட்ட மறக்கல."

"பழைய வீடு எது?"

"மண்ணூர்பேட்ட, ஏகாம்பர மொதலியார் ஊடு. புள்ள கல்யாணச் செலவுக்குன்னு வித்தாரு."

ஐயோ! எனக்குக் காலே ஓடவில்லை. இருந்தாலும் ஓடினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாடுகள் தங்கள் பழைய தொட்டியில் நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. வாசலில் கட்டியிருந்த மாவிலைத் தோரணத்துக்கு நேர் கீழே கூடை. உறவுக்காரர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வட்டமாக நின்றார்கள். நடுவில் சம்பந்தி.

"என்ன தம்பி இது?"

முதல் விதி எனக்குப் பாழாய்ப்போன நேரத்தில் நினைவுக்கு வந்தது. அத்தனை பேர் முன்னால் நகை என்று எப்படிச் சொல்வது? "கருவாடுங்க" என்றேன்.

"தெரியுது. எங்கே போகுது?"

"கல்யாண வீட்டுக்குங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டு "சிவ சிவா" என்றார். சம்பந்தியம்மாள் உட்கார்ந்துவிட்டாள். முனுசாமிதான் பொறுக்க முடியாமல், "யோவ், சொல்லித் தொலையேன்! சாமி, அடியில பொண்ணு நகை கீது. திருடனுக்குப் பயந்து மேல இத்தக் கொட்டிகினு வந்துக்கீறாரு" என்று உடைத்தான்.

அதைக் கேட்டு அவர் சமாதானமாவார் என்று நினைத்தேன். முகம் இன்னும் கறுத்தது. "இதுங்க அடியில கிடந்த நகையைப் போட்டுக்கிட்டு ஒருத்தி என் வீட்டு விளக்கை ஏத்தணுமா? உங்க அப்பாவை வரச் சொல்லு. நாளைக்குக் கல்யாணம் வேணுமான்னு பேசணும்."

நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தேன். இந்தத் தடவை ஒத்திகை இல்லை. "என்னைச் செருப்பால அடிங்க. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று வாய்விட்டு அழுதேன். மருதாணிக் கையோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் அவளை நினைத்து அவர் காலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் மாப்பிள்ளை சண்முகம் உள்ளேயிருந்து வந்தார். ஆவடி ராணுவக் கிடங்கில் கணக்கு எழுதுகிறவர். அதிகம் பேச மாட்டார். கூடையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மூக்கைப் பொத்தவில்லை.

"அப்பா, மாடு செஞ்ச கூத்துக்குப் பொண்ணு என்ன பண்ணும்? நகையைப் புளி போட்டுக் கழுவினாப் போச்சு. முகூர்த்தம் நடக்கட்டும்" என்றார். பிறகு நகைப்பெட்டியை அடியிலிருந்து உருவித் திண்ணையில் வைத்துவிட்டு, "இந்த அசிங்கத்தை நானே தூரமாக் கொண்டுபோய்க் கொட்டிட்டு வரேன். தம்பி, ஒரு கை பிடி" என்றார்.

என்ன தங்கமான மனுஷன் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கூடையின் மறுபக்கத்தைப் பிடித்தேன். ஏரிக்கரைப் புதர் மறைவுக்குப் போனதும் அவர் கூடையை இறக்கிவைத்தார். நாலு பக்கமும் பார்த்தார். தோள் துண்டை விரித்து நல்ல துண்டங்களாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

"கிடங்குல கூட வேலை பார்க்கிறவங்க வீட்டுச் சாப்பாட்டுல பழகிடுச்சுப்பா. வாளை எங்கே வாங்கின? இந்த மாதிரி சரக்கு எனக்குக் கிடைக்கவே இல்லை."

கல்யாணம் நன்றாக நடந்தது. நகையை எட்டுத் தரம் கழுவியும், தாலி கட்டும்வரை ஒரு பூனை மணவறையை விட்டு நகரவில்லை. அதைத் தவிர ஒரு குறையும் சொல்ல முடியாது.

அதன்பிறகு சண்முகம் மாமாவுக்கு மாதம் ஒரு தடவை நான்தான் கருவாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏகாம்பரம் வீட்டுக்குள் அதை எப்படிக் கடத்துவது? ஒரு நகைப்பெட்டிக்குள் வைத்துத்தான். முதலில் அக்காவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் அவள் என்னைக் கொல்லைப்புறம் கூப்பிட்டு, "அவருக்கு வாளை போதும்டா. எனக்குக் கொஞ்சம் நெத்திலி வாங்கிட்டு வா" என்றாள்.

மாமனாரும் மாமியாரும் கோவிலுக்குப் போகும் நாளாகப் பார்த்து வறுப்பாள். பாவம், மாமனார் கடைசிவரை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "என் மருமகளுக்குப் பிறந்த வீட்டுலேர்ந்து மாசா மாசம் நகை வருது." ஒரு தடவை மட்டும் அவருக்குச் சந்தேகம் வந்தது. "இவ்வளவு வந்தும் ஒண்ணையும் போட்டுக்க மாட்டேங்கறியேம்மா?" என்று கேட்டார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாளாம்: "நல்ல நகை மாமா. வெளியே போட்டா கண்ணு பட்டுடும்."