ஏழு வாக்குகளால் சுகமான தலை

மனிதத் தலையின் வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம். பலெர்மோ இளவெயில் விளையாட்டுக் கழகம் பாதுகாப்புக் கொமிற்றி அமைப்பதற்கு முந்திய காலம் ஒன்று. பிந்திய காலம் மற்றது. முந்திய காலத்தில் மனிதர்கள் தங்கள் தலைகளைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு பொறுப்பில்லாத பழக்கம்! இப்போது அதற்கென்று ஏழு பேர் இருக்கிறோம். செயலாளர் நான்.

முதலில் கழகத்தைப் பற்றி. இத்தாலியில், பலெர்மோ நகரத்துத் தமிழர்களின் கழகம் இது. எங்களுக்கு இரண்டு தலைவர்கள். போன பொதுக்கூட்டத்தில் ஞானசேகரம் அண்ணை வென்றார் என்று ஒரு பகுதி சொல்கிறது. பாலசுந்தரம் அண்ணை தோற்கவில்லை என்று மறுபகுதி சொல்கிறது. இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்பது என் நிலைப்பாடு. இந்த நடுநிலைக்காகத்தான் என்னைச் செயலாளராக வைத்திருக்கிறார்கள். கொமிற்றியில் இவரும் இவருடைய ஆட்கள் இரண்டு பேரும், அவரும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும், நடுவில் நானும்.

இருபத்திரண்டு மாதமாக இரண்டு தலைவர்களும் எதிலும் ஒத்துப்போகவில்லை. விழாச் சிற்றுண்டி ரோல்ஸுக்குள் மீன் வைப்பதா இறைச்சி வைப்பதா என்பதற்கே மூன்று கூட்டம் நடந்தது.

இந்த நிலையில்தான் ஞானசேகரம் அண்ணையின் மச்சானுடைய மகன் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்தார். அங்கே கல்லூரியில் படிக்கிறார். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து என்றால் அவருக்கு உயிர். விளையாடுகிறவர் அல்ல, விளையாடுகிறவர்களுடைய ரீசேட்டைப் போடுகிறவர். அந்த விளையாட்டில் காலுக்கு வேலை குறைவு. முட்டை மாதிரி ஒரு பந்தைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு ஓட வேண்டும். ஓடுகிறவரை மற்றவர்கள் இடித்து விழுத்த வேண்டும். போனில் காட்டினார். ஒருவர் தலையைக் குனிந்து இன்னொருவரின் தலையில் இடிக்க, இடி வாங்கியவர் மூட்டை மாதிரி விழுந்தார்.

எங்களைக் கவர்ந்தது இடி அல்ல. அதற்குப் பிறகு நடந்தது. நடுவர் விசில் ஊதினார். வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இடித்தவரை வெளியே அனுப்பினார்கள். இடி வாங்கியவரை ஒரு டொக்டர் பார்த்தார்.

“அந்த டொக்டர் ‘ஓம்’ சொல்லாட்டில் கோச் நினைச்சாலும் ஆளைத் திருப்பி இறக்கேலாது, மாமா,” என்றார் அந்த மருமகன்.

“பாத்தியளே,” என்று ஞானசேகரம் அண்ணை கண்கலங்கினார். “ஒரு தலைக்கு எவ்வளவு மரியாதை!”

அன்றே நாலுக்கு மூன்று வாக்கில் முடிவெடுத்தோம். வருடாந்த விழாவில் இனி அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து. வீரர்களின் சராசரி வயது நாற்பத்தொன்று என்பதும், கல்லூரிப் பக்கம் போனவர்கள் நாலு பேர் என்பதும் தடையாகத் தெரியவில்லை.

பாதுகாப்பு உபகரணங்களுக்கு நாங்கள் பட்ட பாட்டை உலகம் அறிய வேண்டும். ஸ்கூட்டர் ஓடும்போது முழங்கையில் கொழுவிக்கொண்டு போகும் ஹெல்மெற்றுகள், எங்கள் மைதானத்தில்தான் முதல் தடவையாகத் தலையில் ஏறின. போர்கோ வெக்கியோப் பகுதியில் வீதியோரம் வீசியிருந்த இரண்டு சோபாக்களின் பஞ்சு, இருபத்திரண்டு வீரர்களுக்குத் தோள்கவசம் ஆனது.

விதிப்புத்தகத்தைப் போனின் உதவியுடன் நானே தமிழாக்கினேன். மூன்று கிழமை. இரண்டே இரண்டு திருத்தம் செய்தோம். ஒன்று, “டொக்டர்” என்று வந்த இடமெல்லாம் “கொமிற்றி” என்று மாற்றினோம். எங்களிடம் டொக்டர் இல்லை, கொமிற்றி இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு தலையை ஒருவர் பார்க்கிறார், இங்கே ஏழு பேர் பார்ப்போம். இரண்டு, இடி வாங்கியவருக்குக் காயம் என்று கொமிற்றி சொன்னால்தான் அது ஆபத்தான மோதல். காயமில்லாவிட்டால் அது வெறும் சந்திப்பு.

விழா ஒரேத்தோப் பகுதியில், மாடி வீடுகளுக்கு நடுவில் இருக்கும் மைதானத்தில். ஞாயிறு பின்னேரம், நல்ல வெயில். ஞானசேகரம் அண்ணையின் அணி, பாலசுந்தரம் அண்ணையின் அணி.

பாலசுந்தரம் அணியின் துருப்புச்சீட்டு சாந்தரூபன். ஊர் வன்னிப் பக்கம், இத்தாலிக்கு வந்து மூன்று வருடம். வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. லிஃப்ற் இல்லாத கட்டடங்களில் ஐந்தாம் மாடிக்கு உடுப்புத் தோய்க்கும் மெசினைத் தனியாகத் தூக்கிக்கொண்டு ஏறுகிற மனிதர். பந்து அவருக்கு என்ன பாரம்? பத்து நிமிடத்தில் மூன்று முறை கோட்டைத் தாண்டினார். நாலாவது முறை ஓடும்போது ஞானசேகரம் அண்ணையின் மகன் மிதுசன் குறுக்கே வந்தான். பத்தொன்பது வயது, இங்கேயே பிறந்தவன், ஆறடி. தலையைக் குனிந்தான். ஹெல்மெற்றும் ஹெல்மெற்றும் மோதின. நாலாம் மாடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு இத்தாலியப் பெண்மணி, ஒரு சின்யோரா, மாதாவைக் கூப்பிட்டு “மதோன்னா!” என்று கத்தினார்.

சாந்தரூபன் விழுந்து கிடந்தார். மிதுசன் ஹெல்மெற்றைக் கழற்றி எறிந்துவிட்டு முழந்தாளில் இருந்தான்.

“ஸ்கூசா அண்ணா, மன்னியுங்கோ! அப்பா, நான் தலையால இடிச்சனான். என்ரை ஃபால்லோ, என்ரை பிழை.”

“வாயை மூடடா,” என்றார் தந்தையார். “நீ இடிச்சனியோ இல்லையோ எண்டு கொமிற்றி இன்னும் முடிவெடுக்கேல்லை.”

சட்டத்தின் மேல் எவ்வளவு மதிப்பு, பாருங்கள்.

உடனே வீடியோ பரிசீலனை. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கமரா: ஞானசேகரம் அண்ணையின் மனைவி இராசேஸ்வரி அக்காவின் போன். மகனை மட்டுமே எடுத்திருந்தபடியால் காட்சி மிகத் தெளிவு. தலை, தலையில் படுவது, சத்தம், எல்லாம் இருந்தன. பதினொரு தரம் பார்த்தோம்.

“வெளியிலை போடு!” என்று பாலசுந்தரம் அண்ணை துள்ளினார். “இது கொலை! பெடியனை வெளியிலை அனுப்பு!”

நான் விதிப்படி விளக்கினேன். “அனுப்பலாம் அண்ணை. அப்ப சாந்தரூபனுக்குக் காயம் எண்டு எழுதோணும். எழுதினா அவர் திருப்பி இறங்கேலாது.”

பாலசுந்தரம் அண்ணை யோசித்தார். சாந்தரூபன் இல்லாவிட்டால் அவருடைய அணியில் ஓடக்கூடியவர் எவருமில்லை. இரண்டாவது கெட்டிக்காரருக்கு முழங்காலில் வாதம்.

“பொறு. காயம் எண்டு ஆர் சொன்னது?” என்றார்.

“நான் சொல்லேல்லை,” என்றார் ஞானசேகரம் அண்ணை. மகன் வெளியே போவதில் அவருக்கும் விருப்பமில்லை.

“வன்னிப் பெடியன். இதெல்லாம் அவனுக்கு ஒரு அடியே?” என்றார் பாலசுந்தரம் அண்ணை.

“அதுதானே. நல்ல தேகம்.”

இருபத்திரண்டு மாதத்துக்குப் பிறகு இரண்டு தலைவர்களும் ஒரு விசயத்தில் ஒத்துப்போனார்கள். பார்த்துக்கொண்டிருந்த சனம் கைதட்டியது. எனக்கும் மெய்சிலிர்த்தது.

ஆனாலும் விதி விதிதான். அமெரிக்காவில் செய்வது போல மூளைப் பரிசோதனை செய்தோம். சாந்தரூபனைப் பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி, படிவத்தை நான் வாசித்தேன்.

“தம்பி, இண்டைக்கு என்ன நாள்?”

“திங்கள். வேலைக்குப் பிந்தீட்டுது, சப்பாத்து எங்கை?”

“கடமையுணர்ச்சி,” என்றார் ஞானசேகரம் அண்ணை. சரி போட்டேன்.

“இது எந்த ஊர்?”

“கிளிநொச்சி.”

“சொந்த ஊர்ப்பற்று,” என்றார் பாலசுந்தரம் அண்ணை. அதற்கும் சரி.

“எங்கடை கழகத்தின்ரை தலைவர் ஆர்?”

சாந்தரூபன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கண் ஒன்று கொஞ்சம் பிந்தித்தான் திரும்பியது.

“எந்தத் தலைவர்?” என்றார்.

கொமிற்றி எழுந்து நின்று கைதட்டியது. இதைவிடத் தெளிவான மூளை பலெர்மோவிலேயே இருக்க முடியாது.

“அண்ணை, தலை சுத்துது,” என்றார் சாந்தரூபன் என்னிடம். படிவத்தில் அதற்குப் பெட்டி இல்லை. எழுதவில்லை.

அப்போது அவருடைய மனைவி நிலக்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“இவரை விடுங்கோ அண்ணை. இப்ப சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தவர். என்னைப் பாத்து நீர் ஆர் எண்டு கேக்கிறார்.”

“கலியாணம் முடிச்சு எத்தினை வருசம், தங்கச்சி?” என்றார் ஞானசேகரம் அண்ணை.

“பதினொண்டு.”

“எங்கடை வீட்டிலையும் அப்பிடித்தான்.”

சனம் சிரித்தது. நிலக்சி சிரிக்கவில்லை.

“பகிடி விடாதையுங்கோ. நான் நூற்றிப்பதினெட்டுக்கு அடிக்கப் போறன்.”

“அம்புலன்ஸைக் கூப்பிடுறது கொமிற்றியின்ரை அதிகாரம், பிள்ளை,” என்று நான் பணிவாகச் சொன்னேன். “ஏழாம் பக்கம்.” போனையும் பணிவாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

வாக்கெடுப்பு நடந்தது. மூளை நலம் என்பதற்கு ஏழு வாக்கு. எதிராகப் பூச்சியம். மிதுசன் எட்டாவதாகக் கை உயர்த்தி, “இல்லை, இல்லை, அவருக்குச் சரியில்லை” என்று கத்தினான். வீரர்களுக்கு வாக்குரிமை கிடையாது.

அடுத்து நடந்ததை எங்கள் கழகத்தின் பொற்காலம் என்பேன். சாந்தரூபன் களத்தில் இறங்கினார். பந்தைக் கையில் கொடுத்தார்கள். ஓடத் தொடங்கினார். ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. கோட்டைத் தாண்டினார், நிற்கவில்லை. கேற்றைத் தாண்டினார், நிற்கவில்லை. வீதிக்குக் குறுக்கே போய், எதிர்க் கட்டடத்துக்குள் நுழைந்து, படி ஏறினார். நாங்கள் பின்னால் ஓடினோம். கொமிற்றியில் மூன்று பேர் இரண்டாம் மாடியோடு இருந்துவிட்டார்கள்.

நாலாம் மாடியில் ஒரு வீட்டு வாசலில் பந்தை மெதுவாக, சுவரில் கீறல் படாமல், இறக்கி வைத்தார். மணியை அடித்தார். உடுப்புக் காயப்போட்ட அதே சின்யோரா, பெயர் கத்தரீனா, கதவைத் திறந்தார்.

“சின்யோரா, தோவே லோ மெத்தோ?” என்றார் சாந்தரூபன். எங்கே வைக்க, அம்மா? வேலையில் அவர் நாளுக்கு நாற்பது தரம் கேட்கிற கேள்வி.

பிறகு படியிலேயே சரிந்தார்.

“கோட்டுக்கு வெளியிலை போனாலும் பந்து கையிலைதானே இருந்தது. புள்ளி தரோணும்!” என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு பாலசுந்தரம் அண்ணை.

“படி மைதானத்துக்குள்ளை வராது!” என்றார் ஞானசேகரம் அண்ணை.

இந்த முக்கியமான பிரச்சினையை நாங்கள் ஆராய்ந்துகொண்டிருக்கும்போது கத்தரீனா எங்களைப் பார்த்து, எழுத்தில் போடக்கூடாத சிசிலியன் வார்த்தைகள் நாலைந்து சொல்லிவிட்டு, கொமிற்றியின் அனுமதியில்லாமல் அம்புலன்ஸுக்கு அடித்துவிட்டார். வெளிநாட்டு விதிகளை மதிக்காத மனுசி.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு தலைவர்களும் வந்தார்கள். மொழிபெயர்க்க நான் போனேன். மிதுசனும் ஸ்கூட்டரில் பின்னால் வந்தான். நிலக்சி பதிவு மேசையில் அடையாள அட்டைகளைக் கொடுத்துக்கொண்டு நின்றார். அம்புலன்ஸுக்குள் கண் திறந்த சாந்தரூபனுக்கு இத்தாலியன் எல்லாம் போய்த் தமிழ் மட்டும் மிஞ்சியிருந்தது.

டொக்டர் இளம் பெண். “படியில் விழுந்தாரா? அதற்கு முன்னமே தலையில் அடி பட்டதா? இரண்டும் வேறு வேறு. எனக்குச் சரியாகத் தெரிய வேண்டும்,” என்றார்.

நான் தமிழில் கேட்டேன். சாந்தரூபன் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “பெடியன் தெரியாமல் இடிச்சவன். அது பரவாயில்லை. பிறகு நீங்கள் ஏழு பேரும் சேந்துதானே என்னை இறக்கினனியள். தலை சுத்துது எண்டு சொன்னனான் அண்ணை. நீங்கள் எழுதேல்லை.”

“என்ன சொல்கிறார்?” என்றார் டொக்டர்.

எனக்குப் பின்னால் இரண்டு தலைவர்களும் மூச்சு விடாமல் நிற்பது தெரிந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு ஒற்றுமையை நான் கண்டதில்லை. அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

“படியில் தடக்கி விழுந்தவராம், தொத்தொரேசா,” என்று டொக்டருக்கு இத்தாலியனில் மொழிபெயர்த்தேன்.

“இல்லை!” என்றான் மிதுசன். அழுதுகொண்டே, பலெர்மோ இத்தாலியனில், எல்லாவற்றையும் கொட்டினான். தான் இடித்தது, அவர் சத்தி எடுத்தது, திங்கட்கிழமை, கிளிநொச்சி, வாக்கெடுப்பு. டொக்டர் எங்கள் ஒருவரையும் பார்க்கவில்லை. கட்டிலைத் தானே தள்ளிக்கொண்டு ஸ்கானுக்கு ஓடினார்.

தலைக்குள் இரத்தம் கசிந்திருந்தது. “படி என்று நம்பி, தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தால்…” என்று பிறகு தொடங்கிய டொக்டர், நிலக்சி நிற்பதைக் கண்டு வசனத்தை முடிக்கவில்லை. பதினொரு நாள் ஆஸ்பத்திரி. ஆள் தப்பிவிட்டார். ஆறு மாதம் பாரம் தூக்கக்கூடாதாம். பாரம் தூக்குவது மட்டும்தான் அவருடைய வேலை. நாங்கள் பழக்கூடையுடன் போய்ப் பார்த்தோம். நிலக்சி கூடையை வாங்கினார். எங்களை உள்ளே விடவில்லை.

அடுத்த ஞாயிறு அவசரக் கூட்டம். இவ்வளவு பெரிய சம்பவம் நடந்திருக்கிறது, யாருக்கும் தண்டனை இல்லையென்றால் விதிகளுக்கு என்ன மரியாதை? மிதுசனைக் கூப்பிட்டு நிறுத்தினோம்.

“ஒரு வருசம் வெளியேற்றம்,” என்றார் ஞானசேகரம் அண்ணை. “சட்டம் எண்டா சட்டம். என்ரை மகன் எண்டு பாக்கேலாது.”

பெற்ற பிள்ளையையே தண்டிக்கும் நீதிமான்! பாலசுந்தரம் அண்ணை எழுந்து போய் அவரைக் கட்டிப்பிடித்தார்.

“இடிச்சதுக்கே, அப்பா?” என்று மிதுசன் கேட்டான்.

“இடிச்சது முடிஞ்ச கதை. அது வெறும் சந்திப்பு எண்டு அண்டைக்கே முடிவெடுத்தாச்சு. இது வேறை.”

கடிதத்தை எழுதியது நான். “வைத்தியசாலையில் கொமிற்றியின் அனுமதியின்றி உண்மை பேசியமைக்காக” என்பது வாசகம். இரண்டு தலைவர்களும் ஒரே பேனாவால் கையெழுத்து வைத்தார்கள். மிதுசன் கடிதத்தை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனான். அவனை மட்டும் நிலக்சி உள்ளே விடுகிறாராம்.

எங்கள் விதிகள் வெறும் காகிதம் என்று பக்கத்து ஊர்ப் பகேரியாக் கழகக்காரர் கதைத்துத் திரிகிறார்களாம். அவர்களுக்கு நான் அடக்கமாகச் சொல்லிக்கொள்வது இதுதான். சாந்தரூபனின் தலையில் இடித்தவர்கள் மொத்தம் எட்டுப் பேர். அதில் ஒருவனையாவது நாங்கள் தண்டித்திருக்கிறோம்: ஒப்புக்கொண்டவனை.