செத்தவீட்டில் என் கச்சேரி

சங்கீதம் படித்தவர்களைச் செத்தவீட்டில் பாடக் கூப்பிடும்போது சற்று யோசித்துக் கூப்பிட வேண்டும். நானும் படித்தவள் (பட்டம் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது) என்பதால் துணிந்து சொல்கிறேன்.

அச்சுவேலியில் பெரியப்பா இறந்தபோது நான் பல்கலைக்கழகத்தை விட்டு வந்து சில மாதங்கள்தான். அவருடைய ஒரே மகள் வதனி அக்கா கனடாவில். விசாச் சிக்கலில் வர முடியவில்லை. அதனால் தலைமாட்டில் ஒரு கதிரை போட்டு, அதில் கைபேசியை நிறுத்தி, வீடியோ அழைப்பில் அவளை இருத்தி வைத்திருந்தார்கள்.

கிரியை முடியும் தறுவாயில், பெரியப்பாவுக்குப் பிடித்த தேவாரத்தைப் பாடச் சொல்லி என்னிடம் ஒலிவாங்கியைத் தந்தார்கள். வேறு யாராவது என்றால் பாடிவிட்டு எழும்பியிருப்பார்கள். நான் என் கைபேசியில் சுருதியைப் போட்டேன். தொண்டையைச் செருமினேன். ராகத்தை விரிக்கத் தொடங்கினேன்.

மேலே ஏறி, அங்கே நின்று, ஒரு கமகத்தைச் சுழற்றிக் கீழே இறங்கியபோது, அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்தியிருந்தார்கள். பந்தலில் ஒருவர் தொடையில் தாளம் போட்டார். ஒரு மாமா "ஆகா" என்றார் (பக்கத்தில் இருந்தவர் முறைத்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்). துக்கத்தையே என் இசை வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

தேவாரத்தின் முதல் அடியை எடுத்தேன். கதிரையிலிருந்து இன்னொரு குரல். வதனி அக்காவும் பாடுகிறாள். இணையத்தின் புண்ணியத்தில், நான் ஒரு சொல்லை முடித்த பிறகுதான் அவளுடைய அதே சொல் வந்து சேர்ந்தது. சுருதியோ கனடாவிலேயே தங்கிவிட்டது. முதல் அடியைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தேன். இரண்டாம் அடியில் பொறுக்கவில்லை. பாட்டை நிறுத்தி, குனிந்து, மிகப் பணிவாகச் சொன்னேன்:

"அக்கா, சுருதி சேரேல்லை. கொஞ்சம் மியூட் பண்ணுங்கோ."

தகப்பனைப் பறிகொடுத்தவளிடம். அதுவும் ஒலிவாங்கியில். தெருமுனை வரை ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை.

"பிள்ளை, நீ கொஞ்சம் பொறு. அவள் பாடட்டும்."

வதனி அக்கா பாடினாள். அழுது அடைத்த குரல். மூச்சு நடுவில் அறுந்து அறுந்து வந்தது. இரண்டாம் அடியின் கடைசிச் சொல்லில், இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் பிழையாக மேலே ஏறினாள். பந்தலே உடைந்து அழுதது.

அது பெரியப்பாவின் பிழை. தோட்டத்தில் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறும்போதும் சைக்கிள் துடைக்கும்போதும் அந்தச் சொல்லில் அவர் அப்படித்தான் ஏறுவார். நானே ஒருமுறை திருத்தியிருக்கிறேன். "ஓம் பிள்ளை, நீ சொல்லுறதுதான் சரி" என்றுவிட்டு, மறுபடியும் அப்படியே பாடினார். நான் அத்தனை சுத்தமாகப் பாடியும் வராத மனிதர், மகளின் அந்த ஒரு பிழையில் வந்து நின்றார். சுருதியை அணைத்துவிட்டு நானும் அழுதேன், எந்த ராகத்திலும் சேராமல்.

இப்போது சாவகச்சேரியில் பிள்ளைகளுக்குச் சங்கீதம் படிப்பிக்கிறேன். வதனி அக்கா என்னை அன்றைக்கே மன்னித்துவிட்டாள். குடும்பம் இன்னும் மன்னிக்கவில்லை. போன கிழமை என் மகளின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போது எல்லோரும் ஆளுக்கொரு சுருதியில் பாடினார்கள். நான் வாயே திறக்கவில்லை. முகம் மட்டும் கொஞ்சம் சுளித்திருக்க வேண்டும். இன்றுவரை கைபேசியில் ஒரு பொத்தானும் அமத்தத் தெரியாத பெரியம்மா, கேக்கை மென்றபடி சொன்னார்:

"உவளை ஆரெண்டாலும் மியூட்டிலை போடுங்கோ."